ஹெலனுக்காகத் தோண்டிய வளைவு

ஹெலனைத் தேட ஒரு வருடம் கொடுத்தார்கள். கற்பகத்தைத் தேடப் பதினாலு நாள்.

ஹெலன் ஒரு ரயில் எஞ்சின். நூறு வருடத்துக்கு முன்னால் மணலூத்து எஸ்டேட்டில் ஓடியது. ஜீப்பை விடக் கொஞ்சம் பெரிது. நாலு சக்கரம், விறகு தின்று நீராவி கக்கும். ஃபாக்டரியிலிருந்து ரோப்வே உச்சி வரைக்கும் பதினொரு மைல் தண்டவாளம். தேயிலைப் பெட்டியை அங்கே கொண்டுபோகும், அரிசி மூட்டையை இங்கே கொண்டுவரும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. எஸ்டேட்டை உண்டாக்கிய வெள்ளைக்காரன் தன் மகள் பெயரை அதற்கு வைத்தான். மலையாளத்தார் தங்கள் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்கிறார்களே, அந்த 1924ஆம் வருடத்து வெள்ளம்தான் பாதை, பாலம், எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போயிற்று. அப்புறம் யாரும் பாதை போடவில்லை. லாரி வந்துவிட்டது.

கற்பகம் அருண்பாண்டியின் மனைவி. நாலு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் மலை இடிந்து மணலூத்து மேல்லயத்தின் மேல் விழுந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு மாதம். அவன் மூணாறில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து யாருக்கோ அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தோரு பேர் போனார்கள். இருபத்தேழு பேர் கிடைத்தார்கள். கற்பகம் கிடைக்காத நாலு பேரில் ஒருத்தி.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. ஒருவர் சுவர் இன்னொருவருக்கும் சுவர். கற்பகத்தோடு சுவரைப் பங்கிட்டிருந்த பக்கத்து வீட்டு மூன்று பேரும் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே, ஆறு திரும்பும் நாரை வளைவில்தான் கிடைத்தார்கள். பதிமூன்றாம் நாள் அதே வளைவில் ஒரு இரும்புக் கட்டில் வந்தது. ஒரு காலில் வெல்டிங் தழும்பு. அருண்பாண்டி நின்று வைக்கச் சொன்ன வெல்டிங் அது. பதினாலாம் நாள் சாயங்காலம் மண் அள்ளும் வண்டிகள் மேலே ஏறிவிட்டன. மழை விடவில்லை, இன்னும் சரியலாம், ஆட்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். அவன் பதினோரு மனு எழுதினான். ஒன்றுக்குப் பதில் வந்தது: தேடுதல் நிறைவுற்றது.

பிறகு சுற்றுலாக் கம்பெனி வந்தது. ஃபாக்டரி பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் போட்டுச் சின்ன ரயில் விடப்போகிறார்கள். வாசலில் நிறுத்த அசல் எஞ்சின் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கொச்சியிலிருந்து ஜோமோள் என்ற பெண் எஞ்சினீயரை அனுப்பினார்கள். அவளுக்கு வரலாறு படித்த, தமிழும் மலையாளமும் தெரிந்த உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. அருண்பாண்டி வரலாறு படித்தவன். போனான். வேலைக்காகத்தான் போனான். எண்ணம் பின்னால் வந்தது.

எண்ணம் வந்த இடம் நாரை வளைவு. மண்ணுக்கடியில் இரும்பு இருந்தால் கத்தும் கருவி ஒன்றை ஜோமோள் வைத்திருந்தாள். பழைய மேல்பாலம் இருந்த இடத்தில் அது முனகியது. ஃபாக்டரி பின்னால் கொஞ்சம் இருமியது. வளைவில் வைத்ததும் ஓலமிட்டது. அருண்பாண்டிக்கு அது என்ன இரும்பு என்று தெரியும். பத்து வீட்டுக் கட்டில், கூரைத் தகரம், பாத்திரம், தையல் மிஷின்.

ஜோமோளும் சாமானியப்பட்டவள் இல்லை.

"அருண், இங்க நல்லா காட்டுது. பட்சே லயத்தோட சாமானெல்லாம் இவிடதானே வந்து அடிஞ்சது? அந்த இரும்பா இருக்காதா?"

"அதுவும் இருக்கும் மேடம். அதுக்குக் கீழயும் இருக்கு."

"எங்ஙன அறியும்?"

"எங்காளுங்க சொல்லுவாங்க. எஞ்சின் பொதஞ்ச எடத்துலதான் கருப்பு நட்டாங்கன்னு."

அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது. வந்த பிறகுதான் அதை அவனே கேட்டான்.

கருப்பு இருந்தது நிஜம். வெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சியவர்கள் ஒரு முறிந்த தண்டவாளத்தை ஆற்றோரம் நட்டுச் சந்தனம் பூசித் தண்டவாளக் கருப்பு என்று கும்பிட்டார்கள். அதற்கப்புறம் நூறு வருடமாக, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் மணலூத்துக்காரர்கள் அந்தப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் கருப்பு நின்றது மேல்பாலத்தருகே. வளைவில் அல்ல. மலை இடிந்தபோது கருப்பும் போய்விட்டார். இப்போது அவர் நின்ற இடம் ஆட்களின் வாயில்தான் இருந்தது.

"வயசான ஆளு யாராவது கேமரா முன்னால பறஞ்சா போதும்," என்றாள் ஜோமோள். "பூசாரி ஒரு ஒப்பு போடணும். மேலே காணிச்சு பெர்மிஷன் வாங்கிடுவேன்."

முத்துப்பேச்சி கற்பகத்தின் அம்மா. முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவள். சரிவுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். மருமகன் வாரத்துக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். இருவரும் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கு அவள் வட்டவடையிலிருந்து வந்த பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை உரித்துக்கொண்டேயிருந்தாள்.

"எத்தன அடி தோண்டுவாங்க?"

"இருபது."

"எத்தன நாளு?"

"எஞ்சின் கெடைக்கிற வரைக்கும்."

"அது அங்க இல்லேல்ல?"

"இல்ல."

"அப்ப ரொம்ப நாளு தோண்டுவாங்க."

"ஆமா அத்தை."

அவள் பூண்டுத் தோலை மடியிலிருந்து உதறினாள். "இரு மாப்ள. சேலய மாத்திட்டு வாரேன்."

கேமரா முன்னால் அவள் தடுமாறவேயில்லை. என் அப்பன் சொன்னான், அவன் அப்பன் கண்ணால் பார்த்தான், ஆறு வளையுற எடத்துல எஞ்சின் மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சுது, நாப்பது நாள் தெரிஞ்சுது, அப்புறம் மண்ணு மூடிட்டு, அங்கதான் கருப்ப நட்டோம் என்றாள். நாற்பது நாள் என்பது அருண்பாண்டி சொல்லிக்கொடுக்காதது. ஜோமோள் வாய் பிளந்து கேட்டாள்.

கையெழுத்துப் போட வந்த குருசாமிதான் முறுக்கிக்கொண்டார். அவர் கருப்புக்குப் பூசாரி. முத்துப்பேச்சிக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நாப்பது வருசமா நான் மேல்பாலத்துலல்ல கெடா வெட்டுனேன்? வளைவுலயா வெட்டுனேன்? சாமி நின்ன எடத்தயே மாத்திச் சொல்லுதே!"

"மெதுவாப் பேசும். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியும்."

"தெரியட்டுமே. நாளைக்குச் சாமி வந்து என்னயல்ல கேப்பாரு?"

"கேக்கட்டும். நீரும் திருப்பிக் கேளும். முப்பத்தோரு பேரு உம்ம காலடியிலதானய்யா போனாங்க, அப்ப எங்க நின்னீருன்னு கேளும். அதுக்கு அவரு பதில் சொல்லிட்டாருன்னா நானும் எடத்தச் சரியாச் சொல்லுதேன்."

குருசாமியின் தங்கை அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தி. அவளுக்கு அவர் கொள்ளி வைத்திருக்கிறார். வைக்க முடியாதவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, தை மாதம் மண் தோண்டும் ஹிட்டாச்சி வந்தது. ஓட்டியவர் மோகனசுந்தரம், கொழிஞ்சாம்பாறைக்காரர். கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ். கிணறு, குளம், வாய்க்கால் என்று பத்து வருடமாக மண் தோண்டுகிறவர். மலைக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டு மேலே துண்டு சுற்றியிருந்தார்.

முதல் நாள் கூரைத் தகரம் வந்தது. இரண்டாம் நாள் ஒரு பீரோ, அண்டா, கட்டில் கால். மோகனசுந்தரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அந்தக் காலத்து ரயிலுக்குள்ள குக்கரெல்லாம் வெச்சுச் சமைச்சாங்களாக்கு?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அருண்பாண்டி இறங்கிப் போய் அந்தக் குக்கரை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு ஒவ்வொரு வாளி மண்ணும் கொட்டுகிற இடத்தில் போய் நின்றான். கையால் கிளறிப் பார்த்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகும் அங்கேயே நின்றான்.

மூன்றாம் நாள் மோகனசுந்தரம் டிபன் பாக்ஸோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எஞ்சின் தேடலீங்க."

அவன் மண்ணைக் கிளறிக்கொண்டேயிருந்தான்.

"யாருங்க?"

"சம்சாரம்."

மோகனசுந்தரம் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "மொதலயே சொல்லியிருந்தா நாங் கை மெதுவா வெச்சிருப்பனல்லங்க," என்றார். "ரெண்டு நாளா முரட்டுத்தனமா வாரிப்போட்டனுங்களே."

அதிலிருந்து அவருடைய வாளி மண்ணைச் சுரண்டியது, அள்ளவில்லை. ஏன் இவ்வளவு மெதுவாக என்று ஜோமோள் கேட்டதற்கு, "பழைய எஞ்சின் மேல பல்லு பட்டா நசுங்கீருமுங்க மேடம்," என்றார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஏழாம் நாள் பொழுது சாயும்போது குழியின் இடது பக்கச் சரிவில், எட்டடி உயரத்தில், ஒரு சுவர்த் துண்டு தெரிந்தது. கிளிப்பச்சை நிறம். லயத்து வீடுகளுக்கெல்லாம் எஸ்டேட் வெள்ளைதான் அடிக்கும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி, மூணாறு பஜாரில் தானே பெயிண்ட் வாங்கிவந்து, சூப்பர்வைசர் திட்டத் திட்ட அடித்து முடித்தாள். சுவருக்குப் பின்னால் சேறு இறுகிக் கிடந்தது. அதற்குள் ஒரு பாயின் ஓரம்.

அருண்பாண்டி குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். மோகனசுந்தரம் வண்டியின் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் போதாது, மேலே மண் தொங்குகிறது.

"காலையில மொத வேலை இதுதானுங்க," என்றார். "வலதுபக்கம் மேடம் கோடு போட்டுக் குடுத்த அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டா, வண்டிய இந்தப் பக்கம் திருப்ப எடம் கெடைச்சிருமுங்க. ஒரு ரெண்டு மணி நேரம்."

முத்துப்பேச்சிக்கு அவன் போனில் சொன்னான். மறுநாள் விடிந்ததும் அவள் ஜீப்பில் வந்து இறங்கினாள். கையில் ஒரு புதுச்சேலை, மடிப்புக் கலையாமல்.

பத்து மணி. மோகனசுந்தரம் வலதுபக்கத் துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து வாளிதான். வாளியின் பல் எதிலோ பட்டது. அதற்கு முன்னால் தகரத்தில் பட்ட சத்தம் இல்லை. கனத்த, உள்ளே வெகுதூரம் போய்த் திரும்பும் சத்தம். மோகனசுந்தரம் தானாக வண்டியை அணைத்தார். அணைத்துவிட்டு ஜோமோளைப் பார்க்கவில்லை, அருண்பாண்டியைப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "இது கட்டில் இல்லீங்க."

தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். உருளையான வயிறு ஒன்று வந்தது. அதன் மேலே பித்தளைக் கும்பா. புகைபோக்கி முறிந்திருந்தது. விறகு போடும் வாய் நிறையக் கூழாங்கல். பக்கவாட்டில் ஒரு பெயர்த் தகடு, பச்சைக் களிம்பு ஏறி, கடைசி மூன்று எழுத்து மட்டும் படிக்கிற மாதிரி. ஜோமோள் முட்டிவரை சேற்றில் நின்று படித்தாள். "என்டெ தெய்வமே," என்று அழுதாள். மேலே ஓடிவந்து முத்துப்பேச்சியைக் கட்டிக்கொண்டாள். "அம்மே! நிங்ஙள் பறஞ்ச அதே இடம்! அதே இடம்!"

முத்துப்பேச்சி சேலைப்பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரம்போல் நின்றாள். கட்டிப்பிடித்தவளின் தலைக்கு மேலே மருமகனைப் பார்த்தாள். அவனுக்கு வேறெங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பதினைந்து நிமிடத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மெஷின் இனி குழிக்குள் இறங்கக் கூடாது. மத்தியானத்துக்குள் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அருண்பாண்டி ஜோமோளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மேடம், நான் சொன்னது பொய்."

"ஏது?"

"கருப்பு இங்க நின்னது. எஞ்சின் இங்க பொதஞ்சது. எல்லாமே நானாச் சொன்னது. அத்தை பேசினதும் பொய்."

அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் இருந்தாள். "அருண், பொய்யினா எஞ்சின் எங்ஙன இங்க வந்தது?"

அவன் அவள் கையைப் பிடித்துக் குழியின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்ப் பச்சைச் சுவரைக் காட்டினான். எதற்காகத் தோண்டச் சொன்னான் என்று சொன்னான். நாலு பேர் பாக்கி என்றான். அவள் சிரிப்பு நின்றது. அவள் கெட்டவள் அல்ல. அந்தச் சுவருக்கு மேலே தொங்கும் மண்ணைப் பார்த்தாள்.

"அந்தச் சரிவைத் தொட்டா மண்ணு மொத்தமும் எஞ்சின் மேல வீழும்," என்றாள். "யாரும் பெர்மிஷன் தரமாட்டாங்க. நீ ஒரு அபேட்ச எழுதித் தா. நான் மேலே அனுப்பாம்."

"பதினொண்ணு எழுதியாச்சு மேடம்."

"எனக்கு எழுதல்லியே." அதை அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவன் பன்னிரண்டாவது மனுவை எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் விடியுமுன்னே மோகனசுந்தரம் அவனை எழுப்பினார். வண்டியை ஏற்றப்போகும் லாரி எட்டு மணிக்குத்தான் வரும். அதற்குள் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும் என்றார். இருவரும் போனார்கள். போலீஸ்காரரில் வயதானவர் எழுந்து வந்து ஹிட்டாச்சியின் முன்னால் நின்றார். கம்பு ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. "வேண்டா மோனே," என்றார். "என்டெ ஜோலி போகும்." மோகனசுந்தரம் கொஞ்ச நேரம் உறுமலோடு வண்டியை வைத்திருந்தார். பிறகு சாவியைத் திருகினார். லாரி ஏறும்போது அருண்பாண்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சட்டையில் ஒன்றைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டுப் போனார். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பதை அவர்தான் பார்த்தார்.

பத்திரிகைகளில் வந்தது. 'நூறாண்டு நினைவு பொய்க்கவில்லை' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை. முத்துப்பேச்சியின் முகம் பெரிதாக. அவள் கேமராவில் சொன்னதைக் கம்பெனி வெளியிட்டது. நாற்பது நாள் எஞ்சினின் மூக்கு மட்டும் தெரிந்ததை லட்சம் பேர் பார்த்தார்கள்.

மணலூத்துக்காரர்களும் வேகமாக மாறினார்கள். மூன்றாம் வாரம் குருசாமி ஆட்களோடு ஒரு தண்டவாளத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சினோடு கிடைத்தது, ஜோமோளிடம் கேட்டு வாங்கியது. ரிப்பனுக்கு வெளியே, வளைவின் கரையில், குழி வெட்டி நட்டார். சந்தனம் பூசினார். கெடா வெட்டினார்.

"மாமா, கருப்பு நின்னது மேல்பாலத்துலல்லா?" என்று அருண்பாண்டி கேட்டான்.

"யாருடே சொன்னது?" குருசாமி அவனை முறைத்தார். கண்ணில் வெட்கம் துளியும் இல்லை. "ஆதியில இங்கதான் நின்னாரு. நடுவுல எவனோ மேல மாத்தி நட்டுருக்கான். அந்தக் கோவத்துலதாம்டே ஊரு அழிஞ்சுது. உன் அத்தை நாக்குல உக்காந்து அவரே பேசியிருக்காரு. போ, துன்னூறு பூசிக்க."

அவன் பூசிக்கொண்டான். தட்டை அவர் முத்துப்பேச்சியிடம் நீட்டினார். அவள் எடுக்கவில்லை.

"நான் கேட்டது என் மகள," என்றாள். "உம்ம சாமி இரும்பத் தூக்கிக் குடுக்காரு. தட்ட அங்கிட்டுக் கொண்டுபோரும்."

மனுவுக்குப் பதில் வந்தது. ஜோமோள் சொன்னபடி மேலே அனுப்பியிருந்தாள், மேலே படித்தும் இருந்தார்கள். சரிவின் பாதுகாப்புக் கருதி அப்பகுதியில் அகழ்வுக்கு அனுமதியில்லை, எனினும் சரிவை உறுதிப்படுத்தும் பணி உடனே மேற்கொள்ளப்படும் என்றிருந்தது.

உறுதிப்படுத்தும் பணி மாசிக் கடைசியில் தொடங்கியது. வளைவின் இடதுபக்கம் முழுக்கக் கம்பிவலை விரித்து, பாறையாணி அடித்து, குழாயால் சிமென்ட் பீய்ச்சினார்கள். ஹெலன் கீழே நீலத் தார்ப்பாயின் கீழ் பத்திரமாக இருந்தாள். அருண்பாண்டிக்குக் கம்பெனி வேலையை நிரந்தரமாக்கியிருந்தது. கழுத்தில் அட்டை மாட்டி, வருகிறவர்களுக்கு எஞ்சினின் கதை சொல்லும் வேலை. அன்றைக்கு யாரும் வரவில்லை. சிமென்ட் அடிக்கும் சத்தத்தில் வந்தாலும் கதை கேட்காது.

முத்துப்பேச்சி கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். வலைக்குப் பின்னால் பச்சை இன்னும் உள்ளங்கை அகலம் தெரிந்தது. குழாய்க்காரன் கீழிருந்து மேலாக, வரிசை தப்பாமல் வந்துகொண்டிருந்தான். நல்ல வேலைக்காரன். உள்ளங்கை இரண்டு விரலாயிற்று. பிறகு அதுவும் சாம்பல் நிறமாயிற்று.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"எத்தன அடி கனம் வைக்காங்க?"

"ஒன்றரை."

அவள் அந்தச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"கடப்பாறைக்கு வராது?"

"வராது அத்தை. உள்ள கம்பி இருக்கு."

"சரி," என்றாள். எழுந்தாள். சாயங்கால ஜீப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது.